பழைய ஆல்டோவுக்கு ரிமோட் லாக் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2007 மாடல் மாருதி ஆல்டோ இருக்கிறது. நாலு கதவையும் கையால்தான் பூட்ட வேண்டும். மாசி வீதிப் பக்கம் ஏதாவது சந்தில் நிறுத்திவிட்டு, கையில் பை, இடுப்பில் பிள்ளையோடு கதவு கதவாகச் சுற்றி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ரிமோட் லாக் விசாரிக்கப் போனால் கடைக்காரர், "அப்படியே புஷ் பட்டன் ஸ்டார்ட்டும் போட்டுருங்க சார், சாவியைத் தொடவே வேண்டாம்" என்கிறார். பழைய வண்டிக்கு இதெல்லாம் சரிப்படுமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: ரிமோட் லாக் தாராளமாகப் போடுங்கள். புஷ் பட்டன் வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் இல்லையா, பட்டனை அழுத்தி வண்டி எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பூட்டை ஏதாவது செய்தாக வேண்டும், அதனால் உள்ளே இருக்கும் பின்னைக் கழற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு சாவியை நிரந்தரமாக உள்ளேயே திருகி வைத்துவிடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும், கம்பெனி கொடுத்த உருப்படியான பூட்டு ஒன்று போச்சு. சாவியில் சிப் இருக்கும் வண்டியென்றால் இன்னும் மோசம்: ஸ்பேர் சாவியின் சிப்பை எடுத்து டேஷ்போர்டுக்குள் இக்னிஷன் பக்கத்திலேயே ஒட்டிவிடுவார்கள். வண்டி காணாமல் போனால் இன்சூரன்ஸ்காரர்கள் வழக்கமாக முதலில் கேட்பது இரண்டு சாவியையும்தான். ஒன்று வண்டியோடு போய்விட்டது என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா?

பையில் சாவி இருந்தாலே, பக்கத்தில் போனதும் தானாகத் திறக்கும் செட்டும் கடையில் காட்டுவார்கள். நம்ம ஊர்ச் சந்து வீடுகளில் சுவரை ஒட்டித்தான் கார் நிற்கிறது, சாவி அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஆணியில் தொங்கும், விடிய விடிய டக் டக் என்று பூட்டித் திறந்துகொண்டிருந்தால் யார் தூங்குவது? அழுத்தினால் மட்டும் வேலை செய்கிற சாதா ரிமோட்டே போதும்.

சரி, அதில் என்ன பார்த்து வாங்குவது? ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரகசியக் குறியீடு மாறுகிற ரிமோட்டாகக் கேளுங்கள். எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்பும் ரிமோட் என்றால் அந்தச் சிக்னலைப் பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பியே கதவைத் திறந்துவிடலாம். லாக் மோட்டாரில் டிரைவர் கதவுக்கு ஐந்து வயர் மோட்டாரும், மற்ற மூன்றுக்கும் இரண்டு வயர் மோட்டாரும் கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் டிரைவர் கதவைச் சாவியால் திருகினாலும் நாலும் சேர்ந்து திறக்கும், ரிமோட் செத்தாலும் நீங்கள் நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள்.

ஆனால் செட்டை விட மாட்டுகிற கைதான் முக்கியம். கூடவே நில்லுங்கள். டோர் பேடைக் கழற்றினால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும், அவசரத்தில் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், ஐப்பசி மழையில் கால் மிதியடி ஈரமாகும்போதுதான் நமக்குத் தெரியும். கதவுக்குப் போகிற வயர், கதவு மாட்டியிருக்கும் வண்டித் தூணுக்கும் கதவுக்கும் நடுவே ரப்பர் குழாய் வழியாகத்தான் போக வேண்டும், வெளியே விட்டால் கதவைத் திறந்து மூட நசுங்கி அறுந்துவிடும். பேடைத் திரும்ப மாட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள், அது லாக் மோட்டாரின் கம்பியில் இடிக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து வரும் வயரில் ஃபியூஸ் கட்டாயம். கன்ட்ரோல் பாக்ஸை வெறும் ஒட்டு டேப்பில் ஒட்டினால் மதுரை வெயிலுக்குச் சித்திரை தாண்டாது, ஸ்குரூ போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. ரிமோட்டில் திறந்த பின் அரை நிமிடம் போல யாரும் கதவைத் திறக்காவிட்டால் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும் வசதி நிறைய செட்டில் உண்டு. கதவு திறந்ததா இல்லையா என்று அதற்குச் சொல்வது ரூம் லைட் எரிய வைக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச்தான். அந்த வயரைக் கொடுக்காமல் விட்டால், நீங்கள் கதவைத் திறந்து சாவியை சீட்டில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திய நேரத்தில் டக்கென்று பூட்டிவிடும். கடையை விட்டுக் கிளம்புமுன் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு இதைச் சோதித்துவிடுங்கள்.

வண்டி மாதக்கணக்கில் நிற்குமா? சும்மா நிற்கும்போதே செட் 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-ஹவர் (பேட்டரி சார்ஜின் அளவு) போகும், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு மாதத்தில் படுத்துவிடும். இடையிடையே ஓட்டுங்கள்.

கேள்வி: போன வருடம் போட்ட ரிமோட் லாக், இப்போது கதவை ஒட்டி நின்று அழுத்தினால்தான் திறக்கிறது. செட்டையே மாற்றச் சொல்கிறார்கள்.
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: மாற்றாதீர்கள், முதலில் ரிமோட் பேட்டரியை மாற்றுங்கள். சிலதில் 3 வோல்ட் காசு பேட்டரி, சிலதில் விரல் நுனி அளவு 12 வோல்ட் பேட்டரி இருக்கும், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். அது தொடும் தகட்டில் பச்சைப் பாசி மாதிரி இருந்தால் சுரண்டிவிடுங்கள். இரண்டாவது ரிமோட்டும் அதே மாதிரி மக்கர் செய்கிறதென்றால் கன்ட்ரோல் பாக்ஸின் ஆன்டெனா வயரைப் பாருங்கள், அது டேஷ்போர்டுக்குள் இரும்பை ஒட்டிச் சுருண்டு கிடக்கும், நீட்டிவிட்டாலே தூரம் கூடும்.