வில்லார்டு பரணில் இருந்த பெட்டிகள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் வில்லார்டு மனநல மருத்துவமனையை 1995இல் மூடியபோது பரணில் நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பெட்டிகள் கிடைத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. ஒரு சந்தேகம். அந்தப் பெட்டிகளை உரியவர்களிடம் ஏன் யாருமே திருப்பிக் கொடுக்கவில்லை? மனிதர்களை அடைத்து வைக்கக் கட்டிய சிறைதானே அது? மூடியது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விக்கு விடை அந்த இடத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போகலாம்.

வில்லார்டை இரக்கத்தால்தான் கட்டினார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1843 முதல் யூட்டிக்கா ஊரில் அரசுக் காப்பகம் ஒன்று இருந்தது. குணமாகக்கூடியவர்களுக்குத்தான் அங்கே இடம். மற்றவர்கள் கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் போன்றவை) ஏழையர் விடுதிகளில் போய்க் கிடந்தார்கள். அந்த விடுதிகளின் நிலையை 1864இல் விசாரித்து அறிக்கை கொடுத்தவர் டாக்டர் சில்வெஸ்டர் வில்லார்டு. அவர்களுக்கென்று ஒரு காப்பகம் கட்ட அடுத்த ஏப்ரலில் சட்டம் வந்தது. அதே மாதம் வில்லார்டு இறந்துபோனார். செனெக்கா ஏரிக்கரையில் எழுந்த காப்பகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1869 அக்டோபரில் முதல் நோயாளி நீராவிப் படகில் வந்து இறங்கினார். ஒரு பெண். அதற்குமுன் பத்து வருடம் ஏழையர் விடுதி அறையொன்றில், படுக்கையும் உடுதுணியும் இல்லாமல், சங்கிலியில் கிடந்தவர். அவரை நினைத்தால் அந்த இடத்தைச் சிறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கோளாறும் அங்கேயே தொடங்கிவிட்டது. வில்லார்டு 'தீராத' நோயாளிகளுக்கென்றே கட்டியது. தீராது என்று முடிவு கட்டிவிட்டால் வீட்டுக்கு அனுப்பும் நாளைப் பற்றி யார் யோசிப்பார்கள்? தீரும், தீராது என்ற அந்தப் பாகுபாட்டை 1890இல் சட்டம் எடுத்துவிட்டது. அதற்கப்புறமும் உள்ளே வந்த பலர் வெளியே போகவே இல்லை. அவர்களுடைய பெட்டிகளை யாரும் திருடவில்லை, தூக்கி எறியவும் இல்லை. உடைமை என்று பத்திரமாக மேலே ஏற்றி வைத்தார்கள். வாங்கிப் போகத்தான் ஆள் வரவில்லை.

லாரன்ஸ் என்பவரின் பெட்டியைப் பாருங்கள். சவரம் செய்யும் கோப்பைகள், பிரஷ்கள், கால்சட்டைக்குத் தோள்பட்டி, ஒரு ஜோடி கறுப்பு ஷூ. நாளைக்கே ஊருக்குக் கிளம்புகிறவரின் பெட்டி போலத்தான் இருக்கிறது. ஜன்னல் துடைக்கும் வேலை பார்த்தவர், 1918இல் வில்லார்டுக்கு வந்தார். பிறகு அங்கேயே வெட்டியான் வேலையை ஏற்றுக்கொண்டு, சக நோயாளிகளுக்காக 1,500க்கும் மேற்பட்ட குழிகளைத் தோண்டினார். 1968இல், 90 வயதில் இறந்ததும் அவரையும் அங்கேயே புதைத்தார்கள். அந்த மயானத்தில் 5,776 பேர் இருக்கிறார்கள். கல்லறைகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். புல் வெட்ட இடைஞ்சல் என்று அந்த எண் தகடுகளையும் பின்னாளில் பிடுங்கிவிட்டார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்புறம், அக்கம்பக்கத்து மக்கள் லாரன்சுக்கு ஒரு நினைவுக்கல் வைக்க விரும்பியபோது, தனியுரிமைச் சட்டத்தைக் காட்டி அவர் பெயரைத் தரவே அரசு மறுத்தது. விடாமல் போராடி 2015இல் பெயரோடு கல் வைத்தார்கள்.

சரி, மூடியது நல்லதா? நானும் நல்லதென்றே சொல்வேன். ஆனால் எப்படி மூடினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1955இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் சுமார் 5,58,000 பேர். மனநோய்க்குக் குளோர்ப்ரோமசின் என்ற மாத்திரை வந்ததும், வெளியே போய் வாழலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஊர்தோறும் மனநல மையங்கள் அமைக்க 1963இல் அதிபர் கென்னடி சட்டம் கொண்டுவந்தார். ஏழைகளின் மருத்துவச் செலவுக்கு அரசு உதவும் மெடிக்கெய்ட் திட்டம் 1965இல் வந்தது. அதுவோ, 65 வயதுக்கு உட்பட்டவர்கள் மனநல மருத்துவமனையில் தங்கினால் பணம் தராது என்றது. செலவு முழுக்க மாநிலத்தின் தலையில் விழுந்ததால் மருத்துவமனைகளைக் காலி செய்வதில் வேகம் காட்டினார்கள். மையங்களையோ திட்டமிட்ட அளவுக்குக் கட்டவே இல்லை. வெளியே வந்த எத்தனையோ பேர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள்.

வில்லார்டு வளாகமும் சும்மா கிடக்கவில்லை. நோயாளிகள் போன அதே 1995இல், போதைப் பழக்கமுள்ள கைதிகளை அடைக்கும் முகாமாக அதை மாற்றினார்கள். நீங்கள் சொன்ன சிறை அப்போதுதான் அங்கே வந்தது. 2022 வரை நடந்தது.