விசுவாசக் கதை எழுதும் டீச்சருக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: தஞ்சை பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கப் பங்கில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். அவர்களுக்காகப் பன்னிரண்டு கதைகள் எழுதினேன். வகுப்பில் வாசித்தால் பாதியிலேயே கவனம் போய்விடுகிறது. "கடைசியில என்ன சொல்லுவீங்கன்னு தெரியும் டீச்சர்" என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு ஏஜென்ட் 28,000 ரூபாய் கட்டினால் புத்தகமாகப் போட்டு, ஐஎஸ்பிஎன் எண் வாங்கி, காப்பிரைட் பதிந்து, ஆயர் (பிஷப்) அனுமதியும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். ஒரு கதையை இணைத்திருக்கிறேன். அதில் என்ன கோளாறு? மீதிப் பணத்தைக் கட்டலாமா?

பதில்: மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள் டீச்சர். காரணத்தை அப்புறம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் கதையைப் பார்ப்போம்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் செல்போன் கேமில் மூழ்கிக் கிடக்கிறான். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வரும் இளைய மகனை அப்பா ஏற்றுக்கொள்ளும் ஊதாரி மைந்தன் உவமையை மறைக்கல்வி டீச்சர் சொல்கிறார். பையன் கண்ணீர் விட்டு மனம் மாறுகிறான், பொதுத்தேர்வில் 480 மார்க் எடுக்கிறான். இந்த வரிசையை உங்கள் பிள்ளைகள் சிறுவயதிலிருந்து நூறு தடவை கேட்டிருப்பார்கள். முடிவு தெரிந்த பிறகு எதற்காகக் கேட்க வேண்டும்?

ஆனால் உங்கள் நான்காவது பத்தியில் ஒரு வரி இருக்கிறது. "அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்து சேர்த்து வைத்திருந்த உண்டியலிலிருந்து 300 ரூபாயை எடுத்து கேமில் கட்டினான்." அடுத்த வரியிலேயே மறைக்கல்வி வகுப்புக்குப் போய்விட்டீர்கள். நல்ல இடத்தைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டீர்களே! கதை அந்த உண்டியலுக்குள்தான் இருக்கிறது.

அது மண் உண்டியலா, பவுடர் டப்பாவா? உடைக்காமல் எப்படி எடுத்தான்? ஹேர்பின்னை விட்டு நெம்பினானா? கேமுக்குச் சில்லறையாகக் கட்ட முடியாது. ஐந்தும் பத்துமாகத் துணியில் கட்டிக்கொண்டு போய் மளிகைக்கடை அண்ணனிடம் கொடுத்து, ஜிபே போடச் சொல்லியிருப்பான். "ஏதுடா இவ்வளவு சில்லறை?" என்று அந்த அண்ணன் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். பையன் என்ன சொன்னான்? ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம். ஊர்ச்சனம் காவி உடுத்திக்கொண்டு நடக்கக் கிளம்புகிறது. அம்மா உண்டியலை எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறாள், சத்தம் குறைந்திருக்கிறது. ஒன்றும் கேட்காமல் அதைப் பைக்குள் வைத்து, பையை மகன் கையில் கொடுக்கிறாள். அந்தப் பையைச் சுமந்துகொண்டு அவன் வேளாங்கண்ணி வரைக்கும் நடக்க வேண்டும்.

இதை எழுதினீர்கள் என்றால் உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையும் அசையாது. தனியாக விவிலிய வசனம் சொல்லத் தேவையில்லை. காணிக்கை, பாவம், அம்மாவின் பொறுமை எல்லாம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கிறது.

கதையின் கடைசியில் பாடம் சொல்லாவிட்டால் பங்குத்தந்தை என்ன நினைப்பாரோ என்று உங்களுக்குப் பயம் இருக்கலாம். நீங்கள் எடுத்தாண்ட உவமையையே மறுபடி வாசியுங்கள், லூக்கா 15. இளையவன் திரும்பி வந்ததோடு அது முடிவதில்லை. மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான், அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார். மூத்தவன் உள்ளே போனானா, போகவில்லையா? இயேசு சொல்லவே இல்லை. ஆண்டவரே முடிக்காமல் விட்ட கதைக்கு நாம் ஏன் 480 மார்க்கில் முடிவு கட்ட வேண்டும்?

விவிலியத்திலேயே உங்கள் பிள்ளைகளின் வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். தொடக்கநூலில் யோசேப்பு நமக்கு அறிமுகமாகும்போது வயது பதினேழு. அண்ணன்களைப் பற்றி அப்பாவிடம் கோள் சொல்கிறவன். திருத்தூதர் பணிகள் 20-ஆம் அதிகாரத்தில், பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த இளைஞன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். பிரசங்கத்தில் தூங்கும் பிள்ளையை வேதமே மறைக்கவில்லை என்றால், நம் கதைகளில் மட்டும் ஏன் எல்லாப் பிள்ளைகளும் முதல் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்?

கட்டுரை எழுதுவதானால், பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காத கேள்வியைப் பிடியுங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் என்று வாழும் பிள்ளைகள் டெல்டாவில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவர் என்று பதிந்தால் பட்டியல் சாதிக்கான தகுதி கிடையாது. இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்த அந்த ஆணை 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. "நான் யாரு டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதை நேராக எழுதிச் சொல்ல ஆள் இல்லை. கோவிலுக்குள்ளேயே சாதி பார்க்கிறார்கள், அப்பா குடித்துவிட்டு வந்துதான் குடும்ப ஜெபத்துக்கு முழங்கால் போடுகிறார், பொங்கலுக்குக் கூப்பிட்ட சிநேகிதி வீட்டில் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டார்கள். இப்படி ஒன்றைப் பிடித்து இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் திணிக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே நடந்ததை எழுதினால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, தெரு, குடும்பம், வகுப்பு எல்லாம் அடையாளம் தெரியாமல் மாற வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையின் அடையாளம் வெளியே தெரியும்படி எழுதுவது போக்சோ சட்டப்படி குற்றம். "சாட்சியம்" என்று பெயர் வைத்தாலும் குற்றம் குற்றம்தான்.

வாட்ஸப்பில் வரும் வெளிநாட்டுக் கதைகளைப் பெயர் மாற்றிப் போடும் பழக்கமும் வேண்டாம். பனிப்பொழிவும் புகைபோக்கியும் போட்ட கிறிஸ்துமஸ் கதையைத் தாளடி நட்ட வயல் நடுவில் உட்கார்ந்து வாசிக்கும் பிள்ளை, இயேசுவும் அந்த ஊர்க்காரர்தான் போல என்று நினைத்துக்கொள்ளும்.

எனக்கு ஆற்றாமை வருவது இங்கேதான். முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பிள்ளைக்குப் படப்புத்தகம் உண்டு, கல்யாணமானவர்களுக்கு ஜெபப்புத்தகம் உண்டு. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரைக்கும் என்ன இருக்கிறது? வினாடி வினாவும் குறுக்கெழுத்தும். கிறிஸ்தவப் பத்திரிகைக்குக் கதை அனுப்பினால் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி பதில் கிடையாது. பத்திரிகை ஆசிரியராக இருக்கும் சாமியாருக்கு மாற்றல் வந்தால் அவர் மேஜையில் இருந்த கதைகளும் காணாமல் போகின்றன. புதிதாக வருகிறவர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பல வருடமாக இந்தப் பத்திரிகைகளுக்குக் கதை திருத்திக் கொடுத்து வருகிறேன், இந்த நிலை மாறியதாகத் தெரியவில்லை. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது தரங்கம்பாடியில். தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்டவர் மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர், வேதநாயகம் பிள்ளை. அந்த மண்ணில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க ஒன்றும் இல்லை என்பது வெட்கக்கேடு. இந்த வெற்றிடத்தில்தான் ஏஜென்ட் வந்து உட்காருகிறார்.

உங்கள் ஏஜென்ட் சொன்னதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஐஎஸ்பிஎன்: மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை இதை இலவசமாகவே தருகிறது. எழுதியவரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அது புத்தகத்துக்கான ஓர் அடையாள எண், அவ்வளவுதான். அந்த எண் இருப்பதால் புத்தகத்துக்குத் தரமும் வராது, எழுதியவருக்கு உரிமையும் வராது. பங்கில் நூறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு அது இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

காப்பிரைட்: நீங்கள் எழுதிய நிமிடமே அது உங்களுடையது, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 வருடத்துக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிந்துதான் ஆக வேண்டும் என்றால் அரசுக் கட்டணம் 500 ரூபாய். இந்த ஏஜென்ட்கள் "பதிந்து தருகிறோம்" என்று சொல்லி நீட்டும் தாளில்தான் ஆபத்து. அதில் "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்டீர்கள் என்றால் உங்கள் கதையை உங்கள் வகுப்புக்கு ஜெராக்ஸ் எடுக்கவே அவரிடம் கேட்க வேண்டிவரும். உரிமை கொடுப்பதானால் எந்தக் கதை, எத்தனை வருடம், எந்த ஊர்வரை, எவ்வளவு பணம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வருடத்தைக் குறிப்பிடாமல் விட்டால் சட்டம் அதை 5 வருடம் என்றே எடுத்துக்கொள்ளும். நிரந்தரம் என்று எழுதியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ஆகவே படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், தெரிந்த ஃபாதர் சொன்னார் என்பதற்காகவும் போடாதீர்கள்.

அடுத்து இதே ஆட்கள் "ஐம்பது எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு தொகுப்பு, ஆளுக்கு 500 ரூபாய், சான்றிதழும் ஷீல்டும் உண்டு" என்று வருவார்கள். உங்கள் மாணவர்களிடமும் வருவார்கள். கதை எழுதியவருக்குப் பணம் வர வேண்டும், இல்லையென்றால் இலவசப் பிரதியாவது வர வேண்டும். எழுதியவரே பணம் கட்டும் இடத்தில் விற்பனை ஏற்கெனவே முடிந்துவிட்டது, வாங்கியவர் நீங்கள்தான். அதற்கப்புறம் புத்தகம் ஒரு பிள்ளையின் கைக்குப் போகிறதா என்று அவர் பார்க்கவே வேண்டியதில்லை.

ஆயர் அனுமதி: இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நிறையப் பேர் இதில்தான் பயந்து பணம் கட்டுகிறார்கள். கதை எழுத, பத்திரிகைக்கு அனுப்ப, வெளியில் விற்க உங்களுக்கு ஆயர் அனுமதி தேவையில்லை. திருச்சபைச் சட்டம் முன்அனுமதி கேட்பது மறைக்கல்விப் பாடநூல், விவிலியப் பதிப்பு, ஜெபப்புத்தகம் போன்றவற்றுக்கு. உங்களுடையது கதை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. சட்ட எண் 827-இன் நான்காவது பிரிவின்படி, சமயத்தையோ ஒழுக்கத்தையோ பற்றிய எழுத்தைக் கோவிலுக்குள் வைத்துக் காட்டவோ, விற்கவோ, விநியோகிக்கவோ அனுமதி வேண்டும். அச்சுக்கு முன்னால் வாங்கியிருக்கலாம், அச்சான பிறகும் வாங்கலாம். அதாவது ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலுக்குள் மேஜை போட்டு விற்பதானால் கேளுங்கள். வகுப்பறையில் வாசிப்பது, பங்கு மன்றத்தில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, தெருவில் தெரிந்தவருக்கு விற்பது வேறு. கதைகளுக்கு நடுவில் விவிலிய விளக்கமும் கேள்வி-பதிலும் சேர்த்துப் பாடநூல் மாதிரி ஆக்கிவிட்டால் மறுபடி கேட்க வேண்டிவரும், அதனால் அவற்றைச் சேர்க்காதீர்கள். கேட்பதானால் உங்கள் மறைமாவட்டத்திலும் (ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் பகுதி) கேட்கலாம், புத்தகம் வெளியாகும் ஊரின் மறைமாவட்டத்திலும் கேட்கலாம். தஞ்சாவூர், கும்பகோணம் என்று இரண்டு மறைமாவட்டம் அருகருகே இருக்கும் நம் பக்கத்தில் இரண்டிலும் வாங்க வேண்டுமோ என்று குழம்ப வேண்டாம், ஒன்று போதும். பங்குத்தந்தை வழியாகப் பிரதியை ஆயர் இல்லத்துக்கு அனுப்புங்கள். அங்கே நியமித்த ஒருவர் வாசித்துக் கருத்துச் சொல்வார், அனுமதி எழுத்தில் வரும். மாதக்கணக்கில் இழுப்பார்கள், அது வேறு வேதனை. ஆனால் இதில் ஏஜென்ட்டுக்கு எந்த இடத்திலும் வேலை இல்லை. "ஆயர் இல்லத்தில் ஆள் இருக்கிறது" என்று சொல்பவரை அன்றோடு விட்டுவிடுங்கள்.

புத்தகமாகப் போட வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. இப்போது பன்னிரண்டும் வேண்டாம், தேறுகிற நான்கைந்தை எடுத்துக்கொண்டு கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ இரண்டு அச்சகத்தில் நீங்களே விலை கேளுங்கள். அச்சகத்தில் ஒரே தாளில் அடித்து மடிக்கும் தொகுதியைப் பாரம் என்பார்கள், ஒன்றுக்கு 16 பக்கம். 32 அல்லது 48 பக்கத்தில் அமைந்தால் தாள் வீணாகாது. நூறு பிரதி போதும்.

முன்பணம் 5,000: வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். "வேலையை நிறுத்துங்கள், இதுவரை செய்ததற்குக் கணக்குக் கொடுங்கள், மீதியைத் திருப்புங்கள்" என்று வாட்ஸப்பில் தேதியோடு அனுப்புங்கள். பணம் அனுப்பிய ரசீதின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். டைப் செய்த கோப்பையும் திருப்பிக் கேளுங்கள். பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது இருந்தால் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.

உண்டியல் கதையைத் திருப்பி எழுதியதும் முதலில் வகுப்பில் வாசியுங்கள். எந்த வரியில் நெளிந்தார்கள், எந்த வரியில் நிமிர்ந்தார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து, அந்தப் பிரதியையே அனுப்புங்கள்.