தீயணைப்பு நுரை கலந்த ஓடையையும் சதுப்பு நிலத்தையும் சுத்தம் செய்ய முடியுமா? எவ்வளவு இருந்தால் ஆபத்து? எங்கள் வீட்டுப் பக்கத்து ஓடையிலும் நுரை நிற்கிறது.

ஓடைத் தண்ணீரை முடியும். சதுப்பு நிலத்தை, அதன் உயிர் போகாமல் சுத்தம் செய்கிற வித்தை இன்னும் யார் கையிலும் இல்லை.

நான் ஆஸ்திரேலியாவில் நியூகாசில் பக்கம் இருக்கிறேன். தண்ணீர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் பிழைப்பு. விஞ்ஞானி இல்லை, முழங்கால் சேற்றில் நிற்கிற ஆள். நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் தீயில் தண்ணீரை அடித்தால் பெட்ரோல் மேலே மிதந்து தீ இன்னும் பரவும். 1967-ல் வியட்நாம் கடலில் ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் எரிந்து 134 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் எரிபொருள் மேல் மெல்லிய ஏடு மாதிரிப் படர்ந்து, காற்றுப் படாமல் அமுக்கிவிடும் இந்த நுரை விமானத் தளங்களில் பரவலாக வந்தது. அந்த ஏட்டைப் படரவைப்பது பிஃபாஸ் (PFAS) என்ற ரசாயனக் குடும்பம். அதில் கார்பனும் ஃபுளூரினும் பிடித்திருக்கும் பிடியை வெயிலாலும் அவிழ்க்க முடியாது, பாக்டீரியாவாலும் முடியாது. நுரை உயிர்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் நிலத்தில் இறங்கியதில் பெரும்பங்கு பயிற்சிக்காகத் திரும்பத் திரும்ப அடித்தது.

எங்கள் பக்கத்து வில்லியம்டவுன் விமானப்படைத் தளத்தையே பாருங்கள். மணல் பூமி, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். தளத்து மழைத்தண்ணீர் வாய்க்கால் வழியாக ஒரு பக்கம் டில்லிகெரி ஓடைக்கும் மறுபக்கம் ஃபுல்லர்டன் கோவ் என்ற அலையாத்திக் காட்டுக் கழிமுகத்துக்கும் போகிறது. 2015 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தது. இரண்டு இடத்திலும் மீன், இறால் பிடிக்கத் தடை போட்டார்கள். தடையை எடுக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. ஆழ்துளைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், வீட்டுக் கோழி முட்டையைக் கூடப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்று சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சொன்னார்கள். 2020-ல் வில்லியம்டவுன், ஓக்கி, கேத்தரின் ஆகிய மூன்று ஊர் மக்களின் வழக்குகள் 21.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசமாயின. இத்தனைக்கும் பழைய நுரையை மாற்றும் வேலையை ராணுவம் 2004-லேயே தொடங்கிவிட்டது. அடித்ததை நிறுத்தினாலும் மண் விடுவதை நிறுத்துவதில்லை.

எவ்வளவு இருந்தால் ஆபத்து என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் கணக்கு லிட்டருக்கு நானோகிராம். லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது இருபது ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் ஒரு சொட்டு. இந்தக் குடும்பத்தில், நுரையில் முக்கியமாக இருந்த பிஃபோஸ் (PFOS) என்ற ரசாயனத்துக்கு, குடிநீரில் அமெரிக்கா 2024-ல் வைத்த வரம்பு 4. ஆஸ்திரேலியாவில் 2025-லிருந்து 8.

இவ்வளவு நுணுக்கமான கணக்கில், மாதிரி எடுக்கிற ஆளே மாசாகிவிடலாம். கண்ணாடிப் பாட்டில் கூடாது, ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப் கூடாது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் புதுக் கையுறை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தூறல் போட்டதே என்று என் சொந்த மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுபோன வெறும் சுத்தத் தண்ணீர்ப் பாட்டிலிலேயே பிஃபாஸ் இருப்பதாக முடிவு வந்தது. நீர் ஒட்டாமலிருக்கக் கோட்டில் பூசியிருந்த பூச்சும் அதே குடும்பம்! அன்று எடுத்த மாதிரிகள் எல்லாம் குப்பைக்குப் போயின. இன்றைக்கும் மழை வந்தால் சக வேலையாட்கள் என் தோளைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இனி சுத்தம் செய்யும் கதை. ஓடைத் தண்ணீரைப் பம்பு வைத்து இழுத்து ஆக்டிவேட்டட் கார்பன் வழியாகவோ ரெசின் மணிகள் வழியாகவோ விடுவது பழைய முறை. நன்றாகவே பிடிக்கும். சிக்கல் என்னவென்றால் சதுப்பு நிலத்துத் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். மக்கிய இலைச்சாறு கார்பனில் பிஃபாஸ் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கார்பனை அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு முறை. உயரமான தொட்டியில் தண்ணீரை நிரப்பி அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். பிஃபாஸுக்குத் தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடம்தான் இஷ்டம். ஒவ்வொரு குமிழியிலும் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி நுரையாக நிற்கும். சோறு கொதிக்கும்போது பானை வாயில் பொங்குமே, அப்படி. அதை வழித்து எடுத்தால் ஆயிற்று. எந்தக் குணத்துக்காக அதை நுரையில் போட்டார்களோ, அந்தக் குணத்தை வைத்தே பிடிக்கிறோம். குவீன்ஸ்லாந்தின் ஓக்கி ராணுவ விமானத் தளத்தில் 2019-லிருந்து இப்படிச் செய்கிறார்கள். கார்பன் சங்கிலி நீளமான பிஃபோஸ் மாதிரியானவை மாட்டும். சின்னச் சங்கிலிகள் நழுவிவிடும், அதற்குப் பின்னால் ரெசின் வைக்க வேண்டும். கடைசியில் கையில் நிற்கும் அந்தக் கெட்டிச் சாற்றை 1000 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மிகுந்த அழுத்தத்தில் 374 டிகிரியையும் தாண்டிச் சூடாக்கிய தண்ணீரில் சிதைக்க வேண்டும். குழி தோண்டிப் புதைத்தால் விஷயம் வேறு ஊருக்கு மாற்றலானதாக அர்த்தம், அவ்வளவுதான்.

சதுப்பு நிலத்தில் இதெல்லாம் செல்லாது. மாசு அங்கே தண்ணீரில் மட்டும் இல்லை. சேற்றில், வேரில், புழுவில், புழுவைத் தின்ற மீனில் இருக்கிறது. சேற்றை வாரினால் சதுப்பு நிலமே போய்விடும். கார்பன் தூளைச் சேற்றில் கலந்து பிஃபாஸைக் கட்டிப்போடலாம். அது கட்டிப்போடுவதுதான், எடுப்பது இல்லை. நாணல் நட்டால் உறிஞ்சிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். கொஞ்சம் உறிஞ்சும், அந்த நாணலை அறுத்து எங்கே போடுவது?

அமெரிக்காவின் மிச்சிகனில் வர்ட்ஸ்மித் விமானப்படைத் தளம் 1993-லேயே மூடியாயிற்று. அதன் ஓரத்தில் கிளார்க்ஸ் மார்ஷ் என்ற சதுப்பு நிலம். 2018-ல், தளம் மூடி 25 வருடம் கழித்து, அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள் வேட்டையாடிய மான் கறியைச் சாப்பிடாதீர்கள் என்று மாநில அரசு அறிவித்தது.

அதனால் பணம் என் கையில் இருந்தால் சதுப்பு நிலத்தைத் தொடவே மாட்டேன். மேலே பயிற்சித் திடலுக்குப் போவேன். அங்கே மண்ணை விட மோசம் கான்கிரீட் தளம். பல வருடம் குடித்ததை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். அதைப் பெயர்த்து எடுத்து, திடலின் மழைத்தண்ணீர் வாய்க்காலில் சேரும் முன்பே பிடித்து வடிகட்ட வேண்டும். பிடிக்கும் குளம் பெரிதாக இருக்க வேண்டும். பல இடங்களில் கணக்குத் தப்புவது அங்கேதான்: சாதா நாளில் இயந்திரம் அழகாக ஓடும், பேய்மழை ஒரு ராத்திரி பெய்தால் பாதி சுத்தமாகாமலே வழிந்து போய்விடும்.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பக்கத்து ஓடையில் நுரை நிற்கிறது என்றீர்கள். எல்லா நுரையும் இது இல்லை. இலை மக்கி வரும் இயற்கை நுரை கொஞ்சம் பழுப்பாக, மண் வாசனையோடு இருக்கும். பிஃபாஸ் நுரை பளிச்சென்ற வெள்ளை, பஞ்சு மாதிரி லேசு, காற்றடித்தால் கரையில் குவியும். கண்ணால் மட்டும் உறுதி சொல்ல முடியாது, சோதனைதான் வழி. ஆனால் கீழே இருக்கும் தண்ணீரை விட நுரையில் பல மடங்கு செறிவாக இருக்கும். கை பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நாயை நக்க விடாதீர்கள்.