எரு போட்டால் பூமி சூடாகுமா?

கேள்வி: அப்பா காலத்திலிருந்து மாட்டெருவும் ஆட்டெருவும் போட்டே தோட்டம் செய்கிறோம். வெளிநாட்டில் படிக்கும் மகன், எருவாலும் பூமி வெப்பமாகிறது என்கிறான். உண்மையா? உண்மையென்றால் எருவை விட்டு யூரியாவுக்கு மாறிவிடலாமா?
– வெங்காயச் செய்கையாளர், புன்னாலைக்கட்டுவன்

பதில்: மகன் சொன்னது உண்மைதான், ஐயா. எரு இட்ட தறையிலிருந்து நைதரசு ஒட்சைட்டு என்ற வாயு வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில், அதில் ஒரு கிலோ 273 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஓசோன் படையையும் அரிக்கும். மாட்டோடு சேர்த்துப் பேசப்படும் மெதேன் வேறு. அது மாட்டின் இரைப்பையிலும், நனைந்து இறுகிய எருக்குவியலின் அடியிலும் உண்டாவது. காற்றோட்டமுள்ள உங்கள் செம்மண் தோட்டத்தில் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

எருவிலுள்ள நைதரசனை மண்ணின் நுண்ணுயிர்கள் முதலில் அமோனியமாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பயிர் உறிஞ்சுவது இவற்றைத்தான். மழையாலோ இறைப்பாலோ மண் நீரில் ஊறி ஒட்சிசன் குறைந்துவிட்டால், வேறு சில நுண்ணுயிர்கள் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துச் சுவாசிக்கத் தொடங்கும். அப்போது நைதரசன் வாயுவாகிப் பறக்கிறது. அதில் ஒரு பங்குதான் நைதரசு ஒட்சைட்டு. பயிர் எடுக்காமல் மண்ணில் மிஞ்சிக் கிடக்கும் நைதரசன் எவ்வளவோ, அவ்வளவுக்கு இந்த இழப்பும் கூடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1,000 கிலோ காய்ந்த மாட்டெருவில் 10 கிலோ நைதரசன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. அறிவியல் குழு 2006 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இட்ட நைதரசனில் நூற்றில் ஒரு பங்கு இந்த வாயுவாகிறது. அப்படியானால் சுமார் 157 கிராம் வாயு வெளியேறும். அது ஏறத்தாழ 43 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். அதே குழு 2019 இல் கணக்கைத் திருத்தியது. ஈரமான காலநிலையில் செயற்கைப் பசளைக்கு நூற்றுக்கு 1.6, எரு போன்றவற்றுக்கு 0.6 என்று பிரித்தது. யூரியாவை ஆலையில் செய்வதற்கு எரியும் எரிபொருள் இதற்கு வெளியே. ஆகவே யூரியாவுக்கு மாறுவது நீங்கள் கேட்டதற்கு விடையாகாது.

அதற்காக எரு மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். 2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை மே மாதம் நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையை விலக்கியது. கையில் போதிய எரு இல்லாத கமக்காரரை அதை நம்பிப் பயிர் வைக்கச் சொன்னார்கள். விளைச்சல் சரிந்தபோது பழி எருவின்மேல் விழுந்தது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

விவசாயப் போதனாசிரியையாக உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் சைக்கிளில் திரிந்த காலத்தில் என்னை அதிகம் வருத்தியது ஒன்றுதான். பெருமழைக்கு முன் எருவைப் பறித்து, பரவி, கொத்தாமல் நாட்கணக்கில் விட்டுவிடுவார்கள். வெயில் அமோனியாவைக் கொண்டுபோகும். பிறகு கொட்டும் மழை நைத்திரேற்றைக் கரைத்துச் செம்மண்ணுக்குள் இறக்கும். கீழே இருப்பது வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். எதையும் தடுத்து வைக்காது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்த நீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழக்கும். பறந்த அமோனியாவும் கரைந்த நைத்திரேற்றும் வேறிடத்தில் மறுபடியும் நைதரசு ஒட்சைட்டாகக்கூடும். இதைவிட வேறென்ன காரணம் வேண்டும் கவனமாக இருப்பதற்கு?

எருவைப் பரவிய அன்றே கொத்திப் புரட்டுங்கள். பின்னேரத்தில் பரவினால் நல்லது. பெருமழை வருமென்று தெரிந்தால் பொறுங்கள். எருவுக்காக இரவில் ஆடு மாடுகளைத் தோட்டத்தில் பட்டி அடைப்பவர்கள் ஒரே இடத்தில் பல இரவு அடைக்காமல் மாற்றி மாற்றி அடையுங்கள். மூத்திரம் ஒரே இடத்தில் தேங்கினால் அங்கே வாயு பெருகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எரு போட்ட தறைக்கு யூரியாவைப் பழைய அளவிலேயே போடாதீர்கள். 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. மேலே சொன்ன மாட்டெரு 2,300 கிலோவிலும் அவ்வளவுதான் இருக்கும். எருவிலுள்ளது மெதுவாகக் கிடைப்பதால் முதல் போகத்தில் முழுவதையும் கழிக்க முடியாது. ஒரு பங்கையாவது கழித்தே ஆகவேண்டும். இரண்டையும் முழு அளவில் போட்டால் வெங்காயம் தண்டு தடித்து, பழுதாகிக் கையில் வரும். காசும் போகும், கிணறும் போகும்.

கேள்வி: மாரிக்கு எருக்குவியலை எங்கே, எப்படி வைப்பது? கோழி எருவையும் அதோடு சேர்க்கலாமா?
– இல்லத்தரசி, நீர்வேலி

பதில்: கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, மேட்டில் வையுங்கள், தங்கச்சி. கிடுகாலோ பனையோலையாலோ மூடுங்கள். மழைநீர் குவியலுக்குள் இறங்கக் கூடாது. இடையிடையே வைக்கோலும் காய்ந்த வாழைச் சருகும் போட்டு, அவ்வப்போது கிளறி விடுங்கள். உள்ளே காற்றுப் புகுந்தால் மெதேன் குறையும். கோழி எருவைச் சேர்க்கலாம். ஆனால் அதில் நைதரசன் மாட்டெருவைவிட அதிகம் என்பதால் கொஞ்சமாகச் சேர்த்து, நன்றாக மக்கிய பிறகே தோட்டத்துக்கு எடுங்கள். பச்சையாகப் போட்டால் நாற்று கருகிவிடும்.