ஒரு பழைய சேலையும் 50 கைத்துண்டுகளும்

கேள்வி: தேவிபட்டினத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். வரும் ஆவணியில் மகளுக்குக் காதுகுத்து. வீட்டிலேயே 40 பேருக்குச் சாப்பாடு போடுகிறோம். வாழையிலை, எவர்சில்வர் டம்ளர் என்று முடிவாகிவிட்டது. கை துடைக்க டிஷ்யூ பேப்பருக்குப் பதிலாகத் துணி வைக்க ஆசைப்படுகிறேன். "ஊரார் எச்சில் துடைத்த துணியை நாம் துவைப்பதா? இருக்கிற தண்ணீர்க் கஷ்டத்தில் இது வேறா?" என்கிறார் மாமியார். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீரை விலைக்குத்தான் வாங்குகிறோம். நான் நினைப்பது சரிதானா?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் நினைப்பது சரிதான். ஆனால் உங்கள் மாமியார் கேட்ட இரண்டு கேள்விகளும் தட்டிக்கழிக்கக் கூடியவை அல்ல. நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் எண்ணிச் செலவழித்துக் குடும்பம் நடத்தியவர், வீட்டுக்குள் எந்தப் புது வழக்கம் வந்தாலும் அதற்கு எத்தனை குடம் ஆகும் என்றுதான் முதலில் பார்ப்பார். அவருக்குப் பதில் சொல்ல முடிந்தால்தான் இந்த ஏற்பாடு ஒரு விருந்தோடு நின்றுவிடாமல் வீட்டு வழக்கமாகும்.

முதலில் எச்சிலைப் பற்றிச் சொல்கிறேன். மேல்நாட்டு விருந்துகளில் கைத்துண்டை மடியில் விரித்துக்கொண்டு, உண்ணும்போதே வாயையும் விரலையும் அதில் துடைத்துக்கொள்கிறார்கள்; அதனால் எண்ணெயும் உணவும் துணியிலேயே சேருகின்றன. நம் பந்தியில் இலையை மடித்து எழுந்தவர் நேராகக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்த பிறகுதான் துடைப்பதற்குத் துணி தேடுகிறார். அந்தத் துணியில் படுவது பெரும்பாலும் வெறும் ஈரம்தான். ஆகவே கைத்துண்டுகளை இலைக்குப் பக்கத்தில் வைக்காமல், கை கழுவும் இடத்தில் வையுங்கள். மடித்து அடுக்கிய துண்டுகளை ஒரு பனையோலைப் பெட்டியிலும், துடைத்ததைப் போடுவதற்குக் காற்றோட்டமான ஒரு கம்பிக் கூடையை அதன் அருகிலும் வைத்து, முதல் பந்திக்கு மட்டும் வீட்டுப் பிள்ளை ஒருவரை அங்கே நிறுத்தினால் போதும். அடுத்த பந்திக்காரர்கள் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். குழந்தைகளுக்கும், சாப்பிடும்போதே வாய் துடைத்துவிட வேண்டிய முதியவர்களுக்கும் மட்டும் இலையருகே ஒன்று கொடுங்கள். பல வீடுகளில் குழாயடியில் ஒரே துண்டைத் தொங்கவிட்டு, வந்தவர் எல்லோரையும் அதிலேயே துடைக்க விடுகிறோம். 'மெட்ராஸ் ஐ' பரவுவதற்கு அதைவிட எளிய வழி வேண்டாம். எச்சிலுக்கு அஞ்சுகிறவர் உண்மையில் அஞ்ச வேண்டியது அந்தப் பொதுத் துண்டுக்குத்தான். ஆளுக்கொரு துண்டு என்பதை உங்கள் மாமியாரிடம் இந்தக் கோணத்தில் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரு பருத்திச் சேலையை, அகலத்தில் மூன்றாகவும் நீளவாக்கில் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலாகவும் வெட்டிக்கொண்டே போனால் ஏறத்தாழ 50 துண்டுகள் கிடைக்கும். இழை நைந்த இடங்களைக் கழித்துவிட்டாலும் உங்கள் விருந்துக்குத் தேவையான 40 தேறிவிடும். அப்படியானால் அவற்றைத் துவைப்பதற்கு எவ்வளவு தண்ணீர் ஆகும்? ஒரு சேலையைத் துவைக்க ஆகும் தண்ணீர்தான் ஆகும். 50 துணி என்று எண்ணிக்கையில் கேட்கும்போது மலைப்பாக இருப்பது, ஒரு சேலை என்று சொன்னால் எந்த வீட்டிலும் மலைப்பாக இருக்காது.

பழைய சேலையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு கிலோ பருத்தித் துணி உருவாக, பயிர் வளர்வதிலிருந்து கணக்கிட்டால், உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது. சுற்றுச்சூழலைக் காப்பதற்கென்றே புதுத் துணி வாங்கினால், அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகே அந்தத் தண்ணீருக்கு நியாயம் செய்தவராவோம். பரமக்குடி, எமனேசுவரம் தறிகளில் நெய்த பழைய பருத்திச் சேலை ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கக்கூடும். பல முறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போன துணி, புதுத் துணியைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சும். பருத்திதானா என்று ஐயமிருந்தால் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள்: பருத்தி காகிதம் போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும், பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, கறுத்த கெட்டி மணியாகத் திரளும். அப்படித் திரண்டால் அந்தச் சேலை வேண்டாம். அது ஈரத்தைத் துடைக்காமல் தள்ளிக்கொண்டுதான் போகும். துணி என்றாலே இயற்கைக்கு நல்லது என்று எண்ணிவிடவும் கூடாது. இராமேசுவரம் அக்கினி தீர்த்தத்தில் நீராடியவர்கள் கடலிலேயே விட்டுச்செல்லும் ஆடைகள் பாறையில் சுற்றிக்கொண்டும் வலையில் சிக்கிக்கொண்டும் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

டிஷ்யூ காகிதத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அது மட்கிவிடும் பொருள்தான். மட்காதவை அதைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறையும், பாலியஸ்டர் இழை கலந்து செய்யப்படும் ஈரத் தாள்களுமே (வெட் வைப்ஸ்). தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளும் குவளைகளும், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அடங்கும். நீங்கள் இலையும் எவர்சில்வரும் என்று முடிவு செய்தபோதே பெரிய தீங்கைத் தவிர்த்துவிட்டீர்கள். ஆனாலும் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாளில் கடலோரத்து வீட்டு முற்றத்தில் காகிதம் நிற்காது. பறந்த காகிதமும் உறையும் கடைசியில் போய்ச் சேரும் இடம், கடற்பசு மேயும் கடற்புல் வளர்ந்திருக்கும் பாக் விரிகுடா. அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

இனித் துவைக்கும் முறை. இதில் நான் ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். மீன் குழம்பு விருந்து முடிந்த அசதியில், ஈரத் துண்டுகளை வாளியில் அமுக்கி மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தபோது எழுந்த கவிச்சி வாடை இன்னும் நினைவில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பாதித் துண்டுகளில் மிளகைத் தூவியது போல் கரும்புள்ளி விழுந்திருந்தது. எவ்வளவு அசதியாக இருந்தாலும், அன்று மாலையே போர்த் தண்ணீரில் ஒரு முறை அலசிக் கொடியில் விரித்துவிடுங்கள். துவைப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரிந்து, துணியில் சாம்பல் நிறப் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். சலவைத் தூளுக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஆகவே ஊறவைப்பதும் கசக்குவதும் போர்த் தண்ணீரிலேயே நடக்கட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். மீன் வாடை தங்கியிருந்தால், அந்தத் தண்ணீரில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வடிகட்டி ஊற்றுங்கள். வாடைக்குக் காரணமான பொருளைப் புளிப்பு முறித்துவிடும். மீன் கழுவிய கையில் புளியைத் தேய்ப்பதும் இதனால்தான். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் அது சிவப்பாக மாறும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நல்ல வெயிலில் இரண்டு மூன்று முறை காய்ந்தால் மஞ்சள் மங்கிவிடும், நம் பக்கத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. அந்தி சாய்வதற்குள் எடுத்து மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உப்புக்காற்றில் துணி மறுபடியும் நமத்துப்போகும். கஞ்சி போட வேண்டாம், வாசனைத் திரவத்தில் முக்கவும் வேண்டாம். இரண்டுமே ஈரம் உறிஞ்சும் தன்மையைக் குறைப்பவை.

இந்தத் துவைப்பு வேலையை மாமியார் தலையிலோ, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் தலையிலோ வைத்துவிடாதீர்கள். ஆசைப்பட்டது நீங்கள், முதல் விருந்துக்கு நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து துவையுங்கள். ஆவணிக்கு இன்னும் நாள் இருப்பதால், முதலில் பத்துத் துண்டுகளை மட்டும் தைத்து, வீட்டாரின் அன்றாடச் சாப்பாட்டுக்கு வைத்துப் பழகிப் பாருங்கள். அப்போது தண்ணீர் எவ்வளவு ஆகிறது என்பதை மாமியாரே கண்ணால் பார்ப்பார். அவர் மனம் ஒப்பினால், மீதியையும் தையற்காரரிடம் கொடுத்து ஓரம் அடித்து வாங்கிக்கொள்ளலாம். எந்தச் சேலையை வெட்டலாம் என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்; பெட்டியைத் திறந்து அவர் கையாலேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.