படத்தில் இல்லாத பாட்டு ரெக்கார்டில் எப்படி வந்தது?

அன்புள்ள சார்,

அப்பா மைக் செட் வைத்திருந்தார். அம்மன் கோயில் கொடை, சர்ச் திருவிழா எல்லாவற்றுக்கும் ஓடிய ரெக்கார்டுகள் இன்னும் வீட்டில் கிடக்கின்றன. அதில் 'அலைகள் ஓய்வதில்லை'யும் ஒன்று. 'புத்தம் புதுக் காலை' ரெக்கார்டில் இருக்கிறது, படத்தில் இல்லை. முட்டத்தில் எடுத்த படம் என்பதால் இங்கே ஆளுக்கொரு கதை. சென்சார் வெட்டிவிட்டது என்கிறார் ஒருவர். எடுத்த பிலிம் மழையில் நனைந்துவிட்டது என்கிறார் இன்னொருவர். எது சரி? இன்னொரு சந்தேகம்: செல்போனில் கேட்பதைவிட எங்கள் ரெக்கார்டில் ஜானகி அம்மா குரல் கொஞ்சம் இறங்கிக் கேட்கிறது. இரண்டு தடவை பாடிப் பதிவு செய்தார்களா?

எஸ்., மணவாளக்குறிச்சி

அன்புள்ள எஸ்.,

படம் முடிந்தபின் அதிலிருந்து பாட்டை உருவி ரெக்கார்டு போடுவார்கள் என்று நினைத்தால்தான் இந்தக் கதைகள் தேவைப்படும். நடப்பது தலைகீழ். முதலில் பாட்டுப் பதிவாகும். அந்த ஒலிநாடாவை ஓடவிட்டுத்தான் படப்பிடிப்பில் வாயசைப்பார்கள். எடிட்டிங் முடிவதற்குள் நாடாவின் பிரதி ரெக்கார்டு கம்பெனிக்குப் போயிருக்கும். கொடை வீட்டில் குழாய் கட்டிப் பாட்டைப் போட்டால்தானே கொட்டகைக்குக் கூட்டம் வரும்!

கம்பெனியில் லாக்கர் என்ற மெருகுப் பூச்சு போட்ட அலுமினியத் தட்டில் ஊசி பள்ளம் கீறும். அதன்மேல் வெள்ளி பூசி நிக்கல் முலாம் ஏற்றி உரித்தெடுப்பார்கள். அதிலிருந்து ஒரு பிரதி, அந்தப் பிரதியிலிருந்து அச்சு. லேபிளைக் கடைசியில் பசை போட்டு ஒட்டுவதில்லை. சூடான வினைல் கட்டிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று காகிதத்தை வைத்து, தட்டோடு சேர்த்து ஒரே அமுக்கு. உங்கள் ரெக்கார்டின் லேபிள் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள், காகிதம் பிளாஸ்டிக்கோடு ஒன்றிப் போயிருக்கும். அதனால் முதல் தட்டு வெளியே விழும் முன்பே பாட்டின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பாட்டு வேண்டாம் என்று படத்துக்காரர்கள் முடிவெடுத்தால், ரெக்கார்டிலிருந்தும் அதை எடுக்க லேபிள், அச்சு எல்லாவற்றையும் வீணாக்க வேண்டும். யாரும் அதற்குத் துணிய மாட்டார்கள்.

எடிட்டிங் மேசையில் கணக்கு வேறு. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நாலரை நிமிடப் பாட்டு என்றால் 405 அடி. வசனக் காட்சிகளில் அந்த அளவுக்குக் கத்தரித்தால் கதை அறுந்து தொங்கும், பாட்டைத் தூக்கினால் பெரும்பாலும் தையல்கூடத் தெரியாது. நீளம் அதிகமென்றால் முதலில் தலை உருள்வது பாட்டுக்குத்தான். சில பாட்டுகள் படமாக்கும் கட்டத்துக்கே போவதில்லை. 1991இல் வந்த 'தளபதி'யின் 'புத்தம் புதுப் பூ பூத்ததோ'வும் திரைக்கு வராமல் கேசட்டோடு நின்றுபோன பாட்டுதான். ('புத்தம் புது' என்று தொடங்கினாலே திரைக்கு ஆகாது போலிருக்கிறது.)

பொன்னிறக் காலையையும் ஆனந்தத்தையும் பாடும் பாட்டில் சென்சார் கைவைக்க என்ன இருக்கிறது? மழைக் கதையும் நிற்காது. பிலிம் நனைந்தாலும் பாட்டு நாடா கெடுவதில்லை, காட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 1981இல் திரைக்கு வராத அந்த மெட்டு 2014இல் 'மேகா' படத்தில் வந்து சேர்ந்தது. முட்டத்துக் கடற்கரையில் எடுத்த படத்தில் நம்மூர் மரச்சீனி ஒரு பாட்டில் 'கப்பக் கிழங்கு' ஆன வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

குரல் இறங்கிக் கேட்பதற்கு இன்னொரு பதிவைத் தேட வேண்டாம், பிளேயரைச் சோதியுங்கள். லேபிள் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, ரெக்கார்டின் மேல் ஊசியை வைத்து ஓடவிட்டே சுற்றுகளை எண்ணுங்கள். எல்.பி. எனும் நீண்ட நேர ரெக்கார்டு சுற்றுவது நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றல்ல, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். அதாவது 100 சுற்றுக்குச் சரியாக 3 நிமிடம். 3 நிமிடம் 11 நொடி ஆனால் முழுதாக அரைச் சுருதி இறங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது நாலரை நிமிடப் பாட்டும் 4 நிமிடம் 46 நொடியாக நீளும். சுருதியும் நேரமும் இப்படிச் சேர்ந்தே மாறினால் குற்றவாளி, பிளேயரில் ரெக்கார்டைச் சுழற்றும் பெல்ட். பழைய ரப்பர் தொய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள். வேறு பதிவென்றால் இடையிசையிலோ சங்கதியிலோ வித்தியாசம் காதில் விழும்.

எண்ணும் முன் தட்டைக் கழுவுங்கள். ஆனியிலும் ஐப்பசியிலும் மழை வாங்கும் ஊரில், உறைக்குள் ஈரம் தங்கி வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்து, நிழலில் செங்குத்தாக நிறுத்திக் காயவையுங்கள். அப்பாவின் சேகரிப்பில் 78 சுற்று ரெக்கார்டு இருந்தால் அதில் ஸ்பிரிட் மட்டும் படக்கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறு: எல்.பி. ஊசி முனையைப் போல நாலு மடங்கு தடிமன் வேண்டும். மெல்லிய ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் கிளப்பும்.