பெரியவர்களுக்கு பாலே: முழங்கால் வலி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: சிறுவர்களுக்கு பாலே சொல்லிக்கொடுத்து வருகிறேன். அண்மையில் பெரியவர்களுக்கும் மாலை வகுப்பு தொடங்கினேன். எல்லோரும் 30 வயதைத் தாண்டியவர்கள், ஆசைக்காக ஆட வருபவர்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு பேர் முழங்கால் வலி என்கிறார்கள். சிறுவர் வகுப்பைப் போலத்தான் நடத்துகிறேன். எதை மாற்ற வேண்டும்?
- வாசகி, டொரன்டோ

பதில்: ஃபர்ஸ்ட் பொசிஷனில் (குதிகால்கள் ஒட்டி, விரல்கள் வெளிப்பக்கம் பார்க்க நிற்கும் நிலை) அவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இரண்டு பாதமும் 180 டிகிரிக்கு விரிந்திருந்தால் வலிக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். டர்ன்-அவுட், அதாவது காலை வெளிப்பக்கம் திருப்புவது, இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அங்கே திரும்பாததைப் பாதத்தைத் தரையில் அழுத்தித் திருப்பிச் சரிக்கட்டினால் தொடை ஒரு பக்கம், கணுக்கால் ஒரு பக்கம் என்று இழுபட்டு முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பாதத்தின் உள்வளைவும் சரியும். இந்த வயதில் இடுப்பெலும்பின் அமைப்பு பயிற்சியால் மாறாது. ஆளுக்கு ஆள் கோணம் வேறுபடட்டும். பலருக்கு 90 டிகிரியே போதும்.

கோணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி. இரு கைகளாலும் பயிற்சிக் கம்பியைப் (பார்) பிடித்து, பாதங்களை நேராக வைத்து, முழங்காலை மடக்காமல் நிற்கச் சொல்லுங்கள். எடையைக் குதிகாலுக்குக் கொண்டுபோய், முன்பாதத்தைச் சற்றே தூக்கி, தொடையோடு சேர்த்துக் காலை வெளிப்பக்கம் திருப்பி இறக்கட்டும். பாதம் இறங்கிய இடம்தான் அவருடைய டர்ன்-அவுட். அங்கேயே ஒரு டெமி பிளியே (குதிகால் எழாமல் முழங்காலைப் பாதி மடக்குவது) செய்யட்டும். முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராகப் போனால் சரி. கட்டைவிரலைத் தாண்டி உள்ளே சாய்ந்தால் கோணத்தைக் குறையுங்கள்.

பரதநாட்டியம் ஆடியவர்கள் இருந்தால் தனியாகக் கவனியுங்கள். அரைமண்டியில் (பாதி அமர்ந்த நிலை) நிற்கும் பழக்கத்தில் பிளியேயின் அடியில் போய் நின்றுவிடுவார்கள். பிளியே எங்கும் நிற்கக் கூடாது. 4 எண்ணிக்கையில் இறங்கி, 4 எண்ணிக்கையில் ஏறச் சொன்னால் பிடிபடும்.

75 நிமிட வகுப்பு என்றால் முதல் சில மாதங்கள் 45 நிமிடம் கம்பியிலேயே போகட்டும். கிராண்ட் பிளியேயை (முழங்காலை முழுவதும் மடக்கி இறங்குவது) தள்ளிப்போடுங்கள். ஒரு பாதத்துக்கு முன் மற்றதை முழுவதும் குறுக்காக வைக்கும் ஃபிஃப்த் பொசிஷனுக்குப் பதில், பாதி குறுக்காக வைக்கும் தேர்ட் போதும். தாந்துவை (பாதத்தைத் தரையில் உரசியபடி காலை நீட்டுவது) ஒரு நாளைக்கு ஒரு திசையில் மட்டும் கொடுங்கள். முன், பக்கம், பின் என்று ஒரே மூச்சில் கோத்தால் அடுத்தது என்ன என்ற யோசனையிலேயே இடுப்பைக் கோட்டை விட்டுவிடுவார்கள். சிறுவர்கள் பார்த்தே செய்துவிடுவார்கள். பெரியவர்களுக்குக் காரணத்தைச் சொன்னால்தான் உடம்பு கேட்கும். திருத்தமும் ஒரு சுற்றுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

குதிப்பதைக் கம்பியைப் பார்த்தபடி, இரு கையும் பிடித்து, 4 சோத்தேயோடு (இரு காலாலும் எழும்பி இரு காலிலும் இறங்கும் குதி) தொடங்குங்கள். இறங்கும்போது விரல், முன்பாதம், குதிகால் என்று வரிசையாகப் பட்டு, உடனே பிளியே. குதிகால் தரையைத் தொடவில்லை என்றால் கெண்டைக்கால் இறுகும். சிமென்ட் அல்லது டைல்ஸ் மேல் நேரடியாக வினைல் விரித்த தரையாக இருந்தால் குதிக்கவே விடாதீர்கள்.

வலி சொன்ன இருவரும் இப்போதைக்குப் பாதங்களை நேராக வைத்தே பிளியேயும் தாந்துவும் செய்யட்டும், குதிக்க வேண்டாம். முழங்கால் வீங்கியிருந்தாலோ, படி இறங்கும்போது வலித்தாலோ பிசியோதெரபிஸ்டைப் பார்த்த பிறகே வகுப்புக்கு வரச் சொல்லுங்கள்.